குத்திக்கொண்ட ஊசியும் குத்திக்கொள்ளாத ஊசியும்

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் என் மருமகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். தாடையில் முளைக்கிற முடியைக் கரண்ட் ஊசி வைத்து எடுக்கப் போகிறாளாம். வலிக்குமா, தழும்பு விழுமா, திரும்ப முளைக்குமா, யாரைக் கேட்பதென்று தெரியவில்லை என்றாள். நான் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்னைக் கேள் என்று எழுந்துபோய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு மடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புவரை படித்த எழுத்து கையில் இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். முடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அத்தையைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

அது யுத்த காலம். எங்கள் ஊரிலிருந்து கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். அரியலூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்ட வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா, நான், நாலு பேர். அத்தைக்குச் சின்ன வயதிலேயே புருஷன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. நான் பிறந்ததிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தது அவள்தான்.

எனக்குப் பதினாறு வயதில் முடி முளைக்க ஆரம்பித்தது. மேல் உதட்டில் இருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் காதுவரைக்கும் கறுப்பாக, கம்பி கம்பியாக முளைத்ததுதான் வினை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு எல்லாம் அரைத்துப் பூசிப் பார்த்தார்கள். முகம் மஞ்சளானதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொள்வாள். வறட்டிச் சாம்பலை விரல் நுனியில் தொட்டு, ஒவ்வொரு முடியாகப் பிடித்துப் பிடுங்குவாள். சாம்பல் தொட்டால் முடி வழுக்காது. கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "பொறு கழுதை, ராஜகுமாரி மாதிரி ஆக்கிடறேன்" என்பாள். ஏழாம் நாள் அது மறுபடி தலை காட்டும்.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. வந்த அம்மாள் என் பூவைச் சரிசெய்வதுபோல் கையைக் கொண்டுவந்து, புறங்கையால் என் தாடையை ஒரு முறை தடவினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புறப்படும்போது அத்தையிடம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னது கூடம் முழுவதும் கேட்டது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா எங்க பையனுக்கே இன்னும் இவ்வளவு மொளைக்கலீங்க."

அவர்கள் வண்டி ஏறிய பிறகு அப்பா வயலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

என் அம்மாவின் தங்கை திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். அவள்தான் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னாள். கண்ணுக்குள் இமை முடி வளைந்து குத்துகிறவர்களுக்கு, அந்த முடியை வேரோடு சாகடிக்க அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா கரண்ட் ஊசி வைத்திருக்கிறாராம். அதே ஊசியால் ஒரு பெண்ணின் உதட்டு முடியையும் எடுத்திருக்கிறாராம். அப்பாவிடம் கேட்டால் வெட்டிவிடுவார். அத்தையிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அப்பாவுக்குத் தெரியும். அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. கரண்ட் என்றால் ஆளைக் கொன்றுவிடும் என்று வேறு நினைத்திருந்தாள். ஆகவே சித்திக்கு உடம்பு சரியில்லை, கூடமாட ஒத்தாசைக்குப் போகிறாள் என்று சொல்லி அம்மா என்னை ரயில் ஏற்றினாள். நாங்கள் சொன்ன முதல் பொய் அது.

அங்கே என்ன நடக்கும் என்பதைத்தான் எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சொல்ல நினைத்தேன். இந்தக் காலத்தில் மெஷின் வேறாக இருக்கும். வேரைத் தேடிப் போவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளிச்சத்துக்கு நேராக ஒரு நாற்காலியில் என்னைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பக்கத்தில் மரப்பெட்டி. அதற்குள் பாட்டரி. பெட்டியிலிருந்து இரண்டு கம்பி வரும். ஒன்றின் முனையில் உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு சுற்றிய பிடி. அதை என் கையில் கொடுத்தார்கள். இன்னொன்றின் முனையில் ஊசி, தலைமுடியைப் போல மெல்லியது. டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, முடி முளைக்கிற துவாரத்துக்குள் அதன் பக்கத்திலேயே ஊசியை இறக்குவார். இறங்குவது தெரியாது. பிறகு, "புடிங்க" என்பார். நான் பஞ்சை இறுக்கிப் பிடித்ததும் கரண்ட் ஓடும். முதலில் சுள்ளென்று எறும்பு கடித்தாற்போல் இருக்கும். பிறகு அந்த இடம் கொதிக்கிற மாதிரி ஒரு காந்தல். வாயில் செம்புக்காசை வைத்தாற்போல் ருசி. மனதுக்குள் மெதுவாக ஐம்பதுவரைக்கும் எண்ணுவேன். முடியடியில் சோப்பு நுரைபோல் துளியூண்டு வெள்ளை பொங்கும். "விடுங்க" என்றதும் கையைத் தளர்த்துவேன். சின்ன இடுக்கியால் அவர் முடியைத் தொட்டால், பிடுங்காமலே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெண்ணெயிலிருந்து நூலை எடுக்கிற மாதிரி. பிடுங்காமல் வந்தால்தான் வேர் செத்தது என்று அர்த்தம்.

ஒரு தடவைக்கு இருபது முடி, இருபத்தைந்து முடி. பக்கத்துப் பக்கத்து முடியை ஒரே நாளில் எடுக்கமாட்டார். எடுத்தால் தோல் வெந்து தழும்பு விழுமாம். ஒன்று இங்கே, ஒன்று தள்ளி அங்கே என்று எடுப்பார். வேரில் சரியாகப் படாத சில முடி திரும்ப முளைக்கும், அதற்கு மறுபடி வைக்க வேண்டும், எல்லாம் ஓய ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும், அவசரப்பட்டால் நடக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டு நாள் சிவந்து தடித்திருக்கும். சின்னச் சின்னப் பொருக்கு கட்டும். அதைக் கிள்ளக்கூடாது, அதுவே உதிரும். வெயில் படக்கூடாது, அழுக்குக் கை படக்கூடாது, மஞ்சள் பூசவே கூடாது. நடுவில் ஒரு முடியைக்கூடப் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் ஊசிக்கு வழி தெரியாது.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் அத்தையிடமிருந்து விலக ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் தலைவலி என்பேன், வேலை இருக்கிறது என்பேன். அவள் சாம்பல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "பெரிய மனுஷி ஆயிட்டா, என் கை அவளுக்குக் கசக்குது" என்று அம்மாவிடம் சொன்னாளாம். முகத்தைக் காட்டாமல் இருக்கத் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அலைந்தேன்.

சித்தியின் உடம்பையே சாக்காக வைத்து மூன்று முறை போய்வந்தேன். ஒரு கெடுதலும் ஆகவில்லை. நாலாவது முறை பங்குனி வெயில். திரும்பும்போது ரயிலில் பட்டாளத்துக்காரர் கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. வேர்த்துக் கொட்டியதைத் தாவணியால் துடைத்துத் துடைத்து எடுத்த இடமெல்லாம் எரிந்தது. அரியலூரில் இறங்கினால் அப்பாவே வண்டி கட்டிக்கொண்டு வந்து வெளியே நிற்கிறார். சிவப்பை அவர் பார்க்கப் போகிறாரே என்ற பயத்தில், பிளாட்பாரத்தில் கூடை வைத்திருந்த கிழவியிடம் மஞ்சள் கிழங்கு வாங்கிக் குழாயடியில் உரைத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டேன். டாக்டரம்மா செய்யாதே என்றதை அப்படியே செய்தேன். இரண்டாம் நாள் ஒவ்வொரு துவாரமும் சீழ் வைத்து முத்து முத்தாக எழும்பிவிட்டது. ஜுரமும் வந்துவிட்டது.

அத்தை வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். அந்த நேரத்தில் யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருக்கலாம். இருவரும் திறக்கவில்லை.

நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா முகம் மழிக்கவில்லை. துணி வெளுக்கப் போகவில்லை. அத்தை எனக்கு இளநீரும் கூழும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னிடம் பேசாமல், எனக்குள் இருப்பதாக அவள் நினைத்தவளிடம் பேசினாள். "தாயே, சின்னப் பொண்ணு, பூப்போல எறங்கிடு." என்னை வாங்க, போங்க என்று மரியாதை கொடுத்துப் பேசினாள். வேப்பிலைப் படுக்கையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்பது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒன்பது நாளில் எல்லாம் வற்றி உதிர்ந்துவிட்டது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். விரலில் சாம்பலைத் தொட்டு இடது தாடையில் தேடினாள். பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. டாக்டரம்மா இடது பக்கத்தைத்தான் முதலில் எடுத்திருந்தார். அத்தையின் விரல் நின்றுவிட்டது. சாம்பலைத் துடைத்துவிட்டு மறுபடி வெறும் விரலால் தடவினாள். "முத்தெடுக்க வந்தவ, முடியையும் எடுத்துட்டுப் போயிட்டாளே" என்றாள். அவள் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது.

பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. தெருத் தெருவாகப் போய்ச் சொன்னாள். பெண்கள் வந்து என் தாடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வெள்ளியில் ஒரு முகம் அடித்து மாரியம்மன் கோயிலில் போட்டாள். அதன் பிறகும் இரண்டு தடவை திருச்சிக்குப் போனேன். குறைந்த ஒவ்வொரு முடியும் ஆத்தாவின் கணக்கிலேயே சேர்ந்தது. பிறகு டாக்டரம்மா தன் தேசத்துக்குப் போய்விட்டார். வலது பக்கம் பாதியோடு நின்றது. அதைப் பார்த்து, "மீதிய அடுத்த தடவ வந்து எடுப்பா" என்று அத்தை சொல்வாள். சிரித்துவிட்டுப் போன அதே பெரம்பலூர்க் குடும்பம் மறுபடி ஆள் அனுப்பியது. ஆத்தா வந்தும் தழும்பில்லாத பெண், ராசிக்காரி என்றார்களாம். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு.

மாசியில் நிஜமான அம்மை வந்தது. கிழக்குத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் போய்விட்டன. சர்க்கார் ஆள் அம்மை குத்த வந்தார். காக்கிப் பை, தொப்பி, கையில் சின்னச் சக்கரம் வைத்த ஊசி. அதை மேல்கையில் வைத்துத் திருகினால் வட்டமாகக் கீறும். பாதி ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. அப்பா கதவைத் திறந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் குத்திக்கொண்டார்கள். அடுத்து நான்.

"இவளுக்கு வேணாங்க, இவளுக்கு ஆத்தா போன வருஷமே வந்து எறங்கிட்டா" என்றாள் அத்தை.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். தழும்பு எங்கே என்று கேட்டார். பூப்போல வந்து போனாள் என்று அத்தை சொன்னாள். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

"குத்திப் பாத்துடலாம்மா. வந்தவங்களுக்குக் குத்துனா பழுக்காது, சும்மா காஞ்சு போயிடும். வராதவங்களுக்குத்தான் எட்டாம் நாள் பழுக்கும். தெரிஞ்சு போயிடுமில்ல?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கையை நீட்டினால் எட்டாம் நாள் ஊருக்கே தெரிந்துவிடும். அத்தை போட்ட வெள்ளி முகம், பெரம்பலூர்க் கல்யாணம், அப்பாவின் மானம், எல்லாம் ஒரு கொப்புளத்தில் போய்விடும். அம்மா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். கையை நீட்டு என்கிறாளா, நீட்டாதே என்கிறாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டேன்.

அத்தைக்கு அது போதுமாக இருந்தது. வந்து இறங்கின ஆத்தாவை ஊசியால் குத்தினால் அவளுக்குக் கோபம் வரும், இந்தப் பெண்ணுக்கு இல்லாத ஊசி எனக்கும் வேண்டாம், அவள் இந்த வீட்டுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள் என்றாள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சர்க்கார் ஆள் பையை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கிணற்றடியில் அம்மா, "கைய நீட்டியிருக்கலாம்ல" என்றாள். "பழுத்துட்டா?" என்றேன். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதினைந்து இருபது நாளில் அத்தைக்கு இடுப்பு வலி, ஜுரம். நாலாம் நாள் முகத்திலும் கையிலும் எழும்பியது. இந்தத் தடவை நாங்கள் யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில், அம்மை வந்து இறங்கினவர்கள்தான் அம்மை கண்டவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைத்தான் மறுபடி தொடாது. எங்கள் வீட்டில் அம்மை வந்து இறங்கினதாகப் பெயர் எனக்கு மட்டும்தான். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். அம்மா உடனே, இவள் வீட்டுக்கு விலக்கு என்றாள். விலக்கானவள் நிழல் அந்த அறையில் விழக்கூடாது. அது அம்மா சொன்ன இன்னொரு பொய். அதை வைத்து ஐந்து நாளை ஓட்டினாள். தானே உள்ளே போனாள், தானே பார்த்துக்கொண்டாள். ஆறாம் நாள் வேறு காரணம் கிடைக்கவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அறைக்கு வெளியே நின்றால் கேட்கும். "அவள வரச் சொல்லு. அவ வரட்டும்." அம்மை கண்டவர் கேட்பதை ஆத்தா கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கேட்டதைக் கொடுக்காவிட்டால் குற்றம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவளே கூப்பிடுகிறாள், இன்னும் ஏன் அனுப்பவில்லை என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, "போம்மா, உன்னத்தான கூப்புடுறா" என்றார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.

வாழையிலை மேல் அத்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த முகத்தில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுமே இல்லை. கண் ஒன்று மூடிவிட்டது. வேப்பிலை வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. நான் வந்ததைக் காலடி வைத்தே தெரிந்துகொண்டாள்.

"வந்துட்டியாடி."

"வந்துட்டேன் அத்த."

"கிட்ட வா. ஆத்தா எடுத்துக் குடுத்த மொகத்த ஒரு தடவ தொட்டுப் பாக்கறேன்."

கையைத் தூக்கினாள். விரல் நுனிவரைக்கும் முத்து. வெள்ளிக்கிழமைச் சாம்பல் தொட்ட அதே விரல். அது என் தாடையை நோக்கி வந்தது. தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது நான் சொல்லிவிட்டேன்.

"அத்த, ஆத்தா எடுக்கல. திருச்சில டாக்டரம்மா கரண்ட் ஊசி வச்சு எடுத்தாங்க. போன வருஷம் வந்தது அம்ம இல்ல. ஊசி குத்துன எடம் புண்ணாயிட்டு. அம்மாவுக்கும் தெரியும்."

அந்தக் கை அப்படியே நின்றது.

அவ்வளவு நாள் சொல்லாததை அன்று ஏன் சொன்னேன்? மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்தக் கை என்மேல் பட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் சொன்னேனோ என்றும் தோன்றுகிறது. இத்தனை வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துவிட்டேன். பகலில் ஒன்று சரியாகப் படும். தனியாக உட்கார்ந்திருக்கும்போது மற்றதுதான் நிஜம் என்று தோன்றும்.

அத்தை கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்ப உனக்கு இன்னும் வரவே இல்லியா?"

"இல்ல அத்த."

"ஊசியும் குத்திக்கல."

"குத்திக்கல."

திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் திட்டுவாள், அழுவாள், ஏன்டி என்று கேட்பாள் என்று நின்றேன். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"வெளிய போ."

நான் நகரவில்லை.

"இங்க நிக்காத. போடீ வெளிய. போ."

தொண்டை முழுக்கப் புண். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று தெரியவில்லை. தெருவரைக்கும் கேட்டிருக்கும். நான் வெளியே வந்தபோது வாசலில் இருந்த பெண்கள் எழுந்து விலகி வழிவிட்டார்கள். "ஆத்தா தொரத்துறா" என்று ஒருத்தி சொன்னாள். அப்பா கற்பூரம் ஏற்றி வாசற்படியில் விழுந்து கும்பிட்டார். குடும்பம் என்ன குற்றம் செய்தது, பெண் என்ன குற்றம் செய்தாள் என்று அழாத குறையாகக் கேட்டார். உள்ளேயிருந்து மறுபடி, "அவள வுடாதீங்க உள்ள" என்று வந்தது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் அது யார் பேசுவது என்று தெரியும்.

இரண்டாம் நாள் காலை அத்தை இறந்துவிட்டாள்.

ஆத்தா எடுத்துக்கொண்ட உயிருக்கு எங்கள் பக்கத்தில் அழமாட்டார்கள். ஒப்பாரி கிடையாது, பறை கிடையாது. அழுதால் அவள் மறுபடி இந்த வீட்டையே பார்ப்பாள் என்று பயம். வேப்பிலையால் மூடி, வண்டியில் வைத்து, பேச்சில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அப்பா போய்வந்து கிணற்றில் குளித்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டார். அவர் முகம் கல்லாக இருந்தது. கூடப் பிறந்தவளைக் கொடுத்துவிட்டு, நல்லது என்று கும்பிட வேண்டிய நிலை. நானும் அழவில்லை. எனக்கு அழ உரிமை இருப்பதாகவே தோன்றவில்லை.

சாவு விழுந்த வீடென்று அடுத்த நாளே அம்மை குத்துகிறவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆத்தா துரத்திய பெண்ணைத் தொட ஊரே பயந்தது. நானே கூடத்துக்கு வந்து, தாவணியை ஒதுக்கிக் கையை நீட்டினேன். அன்னிய ஆம்பளை முன்னால் அதுவரைக்கும் நான் வாய் திறந்ததில்லை.

"எனக்கு அம்மை வந்ததில்லீங்க. குத்துங்க" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பெண் அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். குத்தட்டும் என்பதுபோல் தலையை அசைத்தார். சர்க்கார் ஆள் ஊசியை நாலு இடத்தில் திருகினார். கரண்ட் ஊசியைவிட அது வலி குறைவு.

ஐந்தாம் நாள் சிவந்தது. எட்டாம் நாள் நாலு இடமும் முத்துக் கட்டி, நடுவில் குழிந்து, சுற்றிலும் வீங்கிக் கொதித்தது. நான் அதை மறைக்கவில்லை. பழைய ரவிக்கையின் கையை வெட்டிவிட்டு, திறந்த கையோடு அப்பாவுக்குச் சோறு போட்டேன். அவர் ஒரு கவளம் எடுத்துவிட்டு நிறுத்தினார். வெகுநேரம் என் கையையே பார்த்தார். சர்க்கார் ஆள் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது.

"திருச்சில உனக்கு என்னம்மா செஞ்சாங்க?" என்று கேட்டார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, பஞ்சு, ஊசி, நுரை, மஞ்சள் பூசியது, கையை இழுத்துக்கொண்டது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரம்பலூர்க்காரர்கள் அதற்குள் ஆள் அனுப்பிச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மறைத்து வைக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. அப்பா கோபப்படவில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"உள்ள போனியே. அக்காகிட்ட சொன்னியா?"

"சொன்னேம்பா."

"அதுக்கப்புறந்தான் அந்தச் சத்தமா?"

"ஆமாம்பா. எனக்கு இன்னும் வரலன்னதும், ஒட்டிக்கும்னு என்ன வெளிய போகச் சொன்னாங்க."

அப்பா இலையை மடிக்காமல் எழுந்தார். அந்த அறைக் கதவருகில் போய் நின்றார். உள்ளே சாணம் தெளித்து மெழுகியிருந்தது, வெறும் தரை. "அப்ப அது அக்காதானா" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு நிலைப்படியில் உட்கார்ந்து, எச்சில் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, அக்கா, அக்கா என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, அழக்கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று அவரை அடக்கப் பார்த்தார்கள். அவர் அடங்கவில்லை. வெயில் சாய்கிறவரைக்கும் அழுதார்.